தோழருக்கு ஞாயிற்றுக்கிழமை லீவு

கடைசியாக நீங்கள் துடைப்பத்தைக் கையில் எடுத்தது எப்போது? கரப்பான் அடிக்க எடுத்தது கணக்கில் சேராது. பண்டிகைக்கு முன்னால் ஒட்டடை அடித்து, அதைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு, சொந்தக்காரர்களிடம் கைதட்டல் வாங்கியதும் சேராது. தரையைப் பெருக்க, ஒரு மூலையில் தொடங்கி இன்னொரு மூலைவரை குனிந்து, குப்பையை முறத்தில் அள்ளி வெளியே கொட்டும்வரை எடுத்தது எப்போது? நன்றாக யோசியுங்கள். அவசரமே இல்லை.

நீங்கள் யோசிக்கிற நேரத்தில் ஓர் உயிரினத்தை அறிமுகம் செய்துவிடலாம். வாசற்படி நியாயவான் என்பது அதன் பெயர். டீக்கடை, சங்க அலுவலகம், பொதுக்கூட்ட மேடையின் இடது ஓரம், முகநூல் ஆகிய இடங்களில் இது மந்தை மந்தையாகக் காணப்படும். உலகத்தின் எந்த மூலையில் எவன் எவனைச் சுரண்டினாலும் இதற்கு மூக்கில் வியர்க்கும். தேயிலைத் தோட்டத்தில் கூலி குறைந்தால் வியர்க்கும், வெளிநாட்டுச் சுரங்கத்தில் விபத்து என்றால் வியர்க்கும், பக்கத்துத் தெரு மளிகைக்கடைப் பையனுக்குத் தீபாவளி போனஸ் தரவில்லை என்றாலும் வியர்க்கும். ஒரே ஓர் இடத்தில் மட்டும் அந்த மூக்கு அடைத்துக்கொள்ளும். அது சொந்த வீடு. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே நியாயத்தையும் கழற்றி, ஜோடி மாறாமல் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் உள்ளே வரும். மறுநாள் காலை இரண்டையும் மாட்டிக்கொண்டு கிளம்பும்.

நம்பவில்லையா? யேசுதாஸைப் பாருங்கள்.

யேசுதாஸ் திருவொற்றியூர்க்காரர். துறைமுகத்தில் சரக்கு ஏற்றி இறக்கும் ஷெட்டில் வேலை, சங்கச் செயலாளர். அவரைப் பற்றிக் கேலி பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அவர் வாங்கிக்கொடுத்த ஒவ்வொன்றும் நியாயமானது. கப்பல் வரும்வரை ஆட்களை வெயிலில் உட்காரவைத்துவிட்டு, ‘சும்மாதானே உட்கார்ந்திருந்தீர்கள்’ என்று கூலியைப் பிடித்துக்கொண்ட நிர்வாகத்தின் முன்னால் மேசையைத் தட்டி, ‘காத்திருப்பதும் வேலைதான்’ என்று ஒப்புக்கொள்ள வைத்தவர் அவர். ஒருவன் லீவு எடுத்தால் அவன் சுமையையும் மற்றவர்கள் தலையில் ஏற்றிய வழக்கத்தை உடைத்து, ‘லீவு கொடுத்தவரே மாற்று ஆள் தர வேண்டும்’ என்று கையெழுத்து வாங்கியவரும் அவர்தான். இந்த இரண்டு வாக்கியங்களும் பெரிய எழுத்தில், கண்ணாடி போட்டு, அவர் வீட்டு ஹாலில் மாதா படத்துக்குக் கொஞ்சம் மேலே தொங்குகின்றன.

அந்தக் கண்ணாடியைத் தினமும் துடைப்பவள் ஆலிஸ். யேசுதாஸின் மனைவி.

திருவொற்றியூரில் தரையைப் பெருக்குவது மற்ற ஊர்களில் பெருக்குவதைப் போன்ற காரியமல்ல. மற்ற ஊர்களில் வருவது தூசு. இங்கே வருவது கரி. விடிகாலையில் பெருக்கித் துடைத்த தரையில் மத்தியானம் விரலால் பெயர் எழுதலாம். சாயங்காலம் முகவரியும் சேர்த்து எழுதலாம். எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் ஒவ்வொரு புகைபோக்கியும் அடுத்த புகைபோக்கியைக் கைகாட்டும். யார் அனுப்பினாலும் கடைசியில் வாங்கிக்கொள்வது ஒரு பெண்ணின் முறம்.

ஆலிஸுக்கு எர்ணாவூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் சத்துணவுச் சமையல் வேலை. போக இரண்டு ஷேர் ஆட்டோ, வர இரண்டு ஷேர் ஆட்டோ, ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவரின் முழங்கை. இத்தனைக்கும் மகள் ஷைனி ஓசூர் கம்பெனிக்கு வேலைக்குப் போனபோது விட்டுவிட்டுப் போன ஸ்கூட்டர் வாசலிலேயே கரி படிந்து நின்றது. ஒரு நாள் ஆலிஸ் அதைத் துடைத்தாள். துடைத்தவள் ஏறி உட்கார்ந்து பார்த்தாள். அவ்வளவுதான், உட்கார்ந்தவளுக்கு இறங்க மனமில்லை. பழகுநர் உரிமம் வாங்கினாள். காலையில் மைதானத்தில் பெண்களுக்கு ஸ்கூட்டர் சொல்லித்தருகிறார்கள் என்று தெரிந்து போய்ச் சேர்ந்தாள். முதல் தேர்வில் எட்டு போடும்போது கால் தரையைத் தொட்டுவிட்டது, ஃபெயில். ‘தினமும் பழகினால்தான் வரும்மா’ என்றார்கள். தினமும் பழகுவதற்குத் தினமும் காலையில் ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தின்மேல் கரி படிந்து கிடந்தது.

ஷைனி விஷயத்தைக் கேட்டாள். தானாகப் பெருக்கும் ரோபோ ஒன்றை அனுப்பிவைத்தாள். வட்டமாக, தட்டையாக, ஆப்பச்சட்டி மூடி அளவில் இருந்தது.

பெட்டியைப் பிரித்த உடனே யேசுதாஸுக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

“இது ஆள்குறைப்பு, ஆலிசு. மிஷினைக் கொண்ணாந்து ஆளைத் துரத்துற வேலை. துறைமுகத்துல இத்த எதுத்துத்தான் நாங்க கொடி புடிச்சோம். என் வூட்டுக்குள்ளயே வருதா?”

“இந்த வூட்ல பெருக்குற ஆளு நான் ஒருத்திதான்” என்றாள் ஆலிஸ். “என்னைக் குறைச்சிக்கோ. நான் ஒண்ணியும் கேஸ் போட மாட்டேன்.”

அவர் மேலும் பேசியிருப்பார். ஆனால் அதற்குள் ரோபோ கட்டிலுக்கடியில் புகுந்து, வருஷக்கணக்காக யாரும் எட்டாத மூலையிலிருந்து, முகமெல்லாம் கரியோடு, ஒரு பழைய சாக்ஸை இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. யேசுதாஸ் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார். நிலக்கரி இறக்கிவிட்டு வரும் ஆட்களைப் போலவே இருந்ததாம். கண் கலங்கியதாம்.

“உழைப்பாளி, ஆலிசு! பாரு, முதுகு நிமிராத உழைப்பு.”

ஆலிஸ் அப்போது அடுப்படியில் குனிந்து அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

அன்றிலிருந்து ரோபோவுக்குத் ‘தோழர்’ என்று பெயர். கல்யாணமாகி மகள் வேலைக்குப் போகிற வயதுவரை ஆலிஸை அவர் ஒரு தடவைகூடத் தோழர் என்று அழைத்ததில்லை. இந்தா, ஏய், கேக்குதா: பெயரை விட்டால் இம்மூன்றும்தான் அவளுடைய பட்டங்கள்.

முதல் வாரம் எல்லாம் அமோகம். காலையில் ஆலிஸ் பொத்தானை அழுத்திவிட்டு மைதானத்துக்குப் போவாள். தோழர் ஹால், இரண்டு அறை, அடுப்படி எல்லாம் பெருக்கிவிட்டுத் தானே திரும்பிப் போய், கட்டிலுக்கடியில் இருக்கும் சார்ஜர் மேடையில் ஏறிப் படுத்துக்கொள்வார். நீல விளக்கு எரியும். ஆலிஸ் எட்டு போட்டுவிட்டு வருவாள். தரை பளபளக்கும்.

இரண்டாம் வாரத்திலிருந்து தோழருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. ஹாலை முடித்து அறை வாசலுக்கு வந்ததும் தள்ளாடுவார். சார்ஜ் போதவில்லை என்று உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் இங்கிலீஷில் சொல்லும். அப்படியே நின்றுவிடுவார். மைதானத்திலிருந்து வந்த ஆலிஸ் அவரைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு, மிச்ச வீட்டைப் பெருக்கிவிட்டு, வேலைக்குப் பறக்க வேண்டும். சில நாளில் ஹாலையே தாண்ட மாட்டார். அன்றைக்கு மைதானம் கிடையாது.

“கேட்டியா? பேசுது!” என்று யேசுதாஸ் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார். “முடியலன்னு வாய் விட்டு சொல்லுது!”

வாய் விட்டுச் சொன்னால் அவருக்குக் கேட்கும் என்பது ஆலிஸுக்குப் புதுச் செய்தி. ஒருவேளை இங்கிலீஷில் சொல்ல வேண்டுமோ என்னவோ.

காரணம் என்ன? வாசகரிடம் மறைப்பானேன். அந்த முதல் வாரத்தின் கடைசியில் யேசுதாஸ் தோழருக்காக ஒரு வேலை நேர ஒழுங்கு வகுத்திருந்தார். பெருக்கி முடித்து வந்ததும் ஒரு மணி நேரம் சார்ஜர் எரியும்; அது சாப்பாட்டு இடைவேளை. ஆலிஸ் வேலைக்குக் கிளம்பிய பிறகு அவர் போய், பீரோவுக்குப் பின்னால் கை விட்டு, ஸ்விட்சை அணைத்துவிடுவார். ஏன்? நீல விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் தோழர் ‘தயார் நிலையில்’ காத்திருக்கிறார் என்று அர்த்தம். காத்திருப்பதும் வேலைதான். மேசையைத் தட்டி வாங்கிய உரிமை! அதைத் தன் வீட்டிலேயே மீறுவாரா? ஸ்விட்சை அணைத்தால்தான் முழு ஓய்வு. நான்கைந்து மணி நேரம் சார்ஜ் ஏற வேண்டிய ஜீவன், ஒரு மணி நேரக் கஞ்சியோடு மறுநாள் காலைவரை பட்டினி கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை வார விடுமுறை வேறு. அன்று அந்தக் கஞ்சியும் கிடையாது. படைத்தவரே ஏழாம் நாள் ஓய்வெடுத்தார் என்பது யேசுதாஸின் வாதம். அன்று அவருக்குச் சமைத்துப் போட்டது யார் என்று கேட்கத் தோன்றுகிறது. கேட்காமல் விடுவோம்.

சாயங்காலம் வரும் ஆலிஸ், விளக்கு அணைந்திருப்பதைப் பார்த்து, வயிறு நிறைந்துவிட்டது போல என்று நினைத்துக்கொள்வாள். யேசுதாஸ் மறைக்கவில்லை. சொல்லவுமில்லை. நல்லது செய்பவர் அதைச் சொல்லிக்கொண்டா திரிவார்?

ஆக, காரணம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. அவருக்குத் தெரியவில்லை. தன் கையைத் தவிர உலகம் முழுவதையும் சந்தேகிக்கும் ஆற்றல் இந்த இனத்துக்கே உரியது.

விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. உறுப்பினர்கள்: யேசுதாஸ், எதிர்வீட்டு மஜீது. மஜீது கிரேன் ஓட்டி ஓய்வுபெற்றவர், சங்கத்தின் பழைய பொருளாளர், டீ நேரத்தை மட்டும் ஒரு நாளும் தவறவிடாதவர். தோழர் ஹாலின் நடுவில் மல்லாக்கப் படுக்கவைக்கப்பட்டார்.

“பிரஷ்ல பாரு தலிவரே. முடி சுத்திகினு கீது.”

“யாரு முடி?”

இருவரும் அடுப்படிப் பக்கம் திரும்பினார்கள். குற்றவாளி கிடைத்தாயிற்று: ஆலிஸின் கூந்தல். இனிமேல் மொட்டை மாடியில்தான் தலை வார வேண்டும் என்று தீர்மானம். ஆலிஸ் டீ கொண்டுவந்து வைத்தாள்.

மறுநாளும் தோழர் அறை வாசலில் நின்றார். குழு மீண்டும் கூடியது. ஃபில்டரைக் கழற்றினார்கள், கரி அப்பிக் கிடந்தது. “இத்த வச்சுகினு எப்டி மூச்சு உடும்? காத்தை இழுக்கவே சார்ஜ் பூடும்” என்றார் மஜீது. இது நியாயமான பேச்சு. ஃபில்டரைத் தட்டிச் சுத்தம் செய்தார்கள். டீ. அடுத்த நாள் சார்ஜ் ஏறும் இடத்துத் தகடுகளைத் துணியால் துடைத்தார்கள். அதுவும் சரியான வேலைதான். டீ. அதற்கடுத்த நாள், மிதியடியில் ஏறி இறங்குவதால்தான் களைக்கிறது என்று மிதியடிகளை எல்லாம் சுருட்டிக் கட்டினார்கள். ஷைனி அனுப்பிய வீடியோவைப் பார்த்து, வேகத்தைக் குறைத்து ‘மெதுவாக’ என்று மாற்றினார்கள். டீ, இந்த முறை பஜ்ஜியோடு. கடைசியில் பேட்டரியே பூட்ச்சி என்று முடிவுகட்டி, ஷைனியிடம் சொல்லிப் புதுப் பேட்டரி வரவழைத்து, திருகாணிகளைக் கழற்றி, மாட்டி, மூடினார்கள். ஒரு திருகாணி மிச்சம் வந்தது. அதைப் பற்றி இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

ஒவ்வொரு சீர்திருத்தத்துக்குப் பிறகும் யேசுதாஸ் தோழரை மேடையில் ஏற்றி, ஒரு மணி நேரம் கழித்து, பரிவோடு ஸ்விட்சை அணைத்தார்.

கூட்டம் முடிந்ததும் ஹாலில் கழற்றிய கரியும் பஜ்ஜித் துணுக்கும் பேப்பரும் கிடக்கும். யார் பெருக்கினார்கள் என்று கேட்கிறீர்களா? கேட்காதீர்கள், உங்களுக்கே தெரியும்.

“வூட்டு வேலைல நான் எவ்ளோ ஒத்தாசை பண்றேன் பாரு மஜீது. ரெண்டு வாரமா இதே சோலி. வேற எந்த ஆம்பள செய்வான்?” என்றார் யேசுதாஸ்.

“நீ வேற மாதிரி தலிவரே” என்றார் மஜீது. அவரும் அதே இனம்.

இதற்கிடையில் ஆலிஸின் தேர்வு நாள் நெருங்கியது. திங்கட்கிழமை காலை. பழகுநர் உரிமத்தின் காலம் முடிகிற வாரம் அது. இந்த முறை கால் தரையைத் தொட்டால் மறுபடி முதலிலிருந்து எல்லாம். மைதானத்துக்குப் போய்ப் பல நாளாயிற்று. ஒரு காலை தோழர் உயிர் போகும் நேரத்தில் மேடைக்கு வழி தேடி, நாற்காலிக் காலைச் சுற்றி, டீப்பாய்க் காலைச் சுற்றி, தரையில் கால் ஊன்றாமல் அழகாக ஓர் எட்டுப் போட்டுவிட்டுச் செத்தார். ஆலிஸ் துடைப்பத்தோடு நின்று பார்த்தாள்.

“நீ பாஸு. நான் ஃபெயிலு” என்றாள்.

அப்போதுதான் தூத்துக்குடியில் மாநில மாநாடு வந்தது. யேசுதாஸ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறினார். தலைப்பு: ஓய்வு எனும் உரிமை.

அவர் போன மறுநாள் ஆலிஸ் நம்பிக்கையில்லாமல்தான் பொத்தானை அழுத்தினாள். தோழர் கிளம்பினார். ஹால் முடிந்தது. அறை. இன்னோர் அறை. அடுப்படி. ஆலிஸ் மைதானத்திலிருந்து திரும்பி வந்தபோது அவர் மேடையில் படுத்து நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டிருந்தார். அடுத்த நாளும் அப்படியே. யேசுதாஸ் மாலையும் துண்டுமாகத் திரும்பி வந்தார். மறுநாளின் மறுநாள் தோழர் அறை வாசலில் விழுந்தார்.

பிரஷ் அதே பிரஷ். முடி அதே முடி. கரி அதே கரி. மாறியது ஒன்றே ஒன்று. இதைக் கண்டுபிடிக்க மாநாடு தேவையில்லை. ஓர் ஆள் ஊருக்குப் போனால் போதும்.

சனிக்கிழமை பள்ளிக்கூடம் இருந்தது. ஆலிஸ் எப்போதும்போலப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். தெருமுனைவரை போனாள். திரும்பி வந்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாள். யேசுதாஸ் கட்டிலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, தோழரின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“போதும் நைனா. எவ்ளோதான் உழைப்ப. படு. கம்னு படு.”

பீரோவுக்குப் பின்னால் கை போயிற்று. டக்.

“இன்னாத்துக்கு அணைக்கிற?”

யேசுதாஸ் தலையைக் கட்டிலில் இடித்துக்கொண்டார்.

“நீ போவல?”

“நீ இன்னாத்துக்கு அத்த அணைக்கிறன்னு கேட்டேன்.”

அவர் எழுந்து நின்றார். இடித்த தலையைத் தடவிக்கொண்டே, கொஞ்சமும் கூச்சமில்லாமல், பெருமையோடு விளக்கினார். சாப்பாட்டு இடைவேளை, ஓய்வு, வார விடுமுறை, காத்திருப்பதும் வேலை. சுவரில் இருந்த கண்ணாடிச் சட்டத்தையும் காட்டினார். சத்தம் கேட்டு மஜீதும் வந்துவிட்டார்; டீ நேரம் அல்ல, இருந்தாலும் வந்தார்.

ஆலிஸ் கேட்டு முடித்தாள். சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. பிறகு சிரிப்புதான் வந்தது.

“அதுக்கு சார்ஜு ஏறுறதுதான்யா ரெஸ்ட்டு. சோத்த பாதில புடுங்கிட்டு தூங்கச் சொல்றியே. நீ ஊர்ல இல்லாத ரெண்டு நாளும் அது நல்லா ஓடிச்சி. அதுக்கு வந்த சீக்கே நீதான்!”

மஜீது மெதுவாகத் தலையாட்டினார். “பேட்டரி நல்ல பேட்டரியா தலிவரே அப்போ?”

“சரி, அது கெடக்கட்டும்” என்று ஆலிஸ் பையைக் கீழே வைத்தாள். “காத்திருக்கிறதும் வேலைன்னியே. தண்ணி லாரிக்கு நான் குடத்த வச்சுகினு நிக்கிறேனே, அது இன்னா?”

“அது… வூட்டு விஷயம்.”

“கேஸ் சிலிண்டரு வருதுன்னு லீவு போட்டுட்டு குந்திகினு கெடந்தேனே? செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு நீ வர வரைக்கும் சோத்த சூடு பண்ண முழிச்சிகினு கீறேனே?”

யேசுதாஸ் மாதா படத்தைப் பார்த்தார். உதவி வரவில்லை. மேலே இருந்த சட்டத்தைப் பார்த்தார். அதிலிருந்தும் வரவில்லை, அதிலிருந்துதான் அடியே வந்துகொண்டிருந்தது.

“நாளைக்கு ஞாயித்துக்கெழம. தோழருக்கு லீவு, இல்ல?” என்றாள் ஆலிஸ்.

“ஆமா. அது கொள்கை.”

“உன் கொள்கையில நான் கை வெக்கல. லீவு அதும்பாட்டுக்கு இருக்கட்டும். லீவு குடுத்தது யாரு?”

“நான்தான்.”

“அப்ப மாத்து ஆளு?”

லீவு கொடுத்தவரே மாற்று ஆள் தர வேண்டும். கண்ணாடிக்குள் இருந்த எழுத்து ஒவ்வொன்றும் பளிச்சென்று இருந்தது. அன்று காலைதான் ஆலிஸ் துடைத்திருந்தாள். யேசுதாஸ் மஜீதைப் பார்த்தார். மஜீதுக்குத் திடீரென்று வீட்டில் குழாயைத் திறந்து வைத்துவிட்டு வந்த ஞாபகம் வந்தது.

“நாளைக்காவது விடிகாலைலேர்ந்து பழகினாத்தான் திங்கக்கெழம நான் எட்டு போடுவேன்” என்று சொல்லிவிட்டு, ஆலிஸ் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வேலைக்குப் போனாள். “இத்த யாரும் தொடக் கூடாது. லீவுல கீறவனும் சாப்டுவான்.”

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. ஆலிஸ் ஸ்கூட்டரில் போய்விட்டாள். யேசுதாஸ் துடைப்பத்தை எடுத்தார்.

முதலில் வியர்க்கிறதே என்று ஃபேனைப் போட்டார். பிறகு பெருக்கினார். சிரிக்காதீர்கள். பெருக்கத் தெரிந்தவர்கள்தான் சிரிக்க உரிமை உள்ளவர்கள். கரி எழுந்து பறந்து, மெதுவாக, மரியாதையாக, பெருக்கிய இடத்திலேயே திரும்ப வந்து உட்கார்ந்தது. மறுபடி பெருக்கினார். மறுபடி வந்து உட்கார்ந்தது. வாசலிலிருந்து தொடங்கி உள்பக்கமாகப் பெருக்கிக்கொண்டு போனதால் மொத்தக் குப்பையும் அடுப்படியில் போய்ச் சேர்ந்து நின்றது. முறம் எங்கே கீது என்று ஆலிஸுக்குப் போன் செய்தார். எட்டுப் போடுகிறவள் போனை எடுப்பாளா? தட்டையே முறமாக்கினார். இடுப்பைப் பிடித்துக்கொண்டார். ஹாலில் பாதிகூட முடியவில்லை. டீ வரும் என்று ஒரு கணம் அடுப்படியைப் பார்த்தார். அடுப்படியில் குப்பை இருந்தது.

அப்போதுதான் அவர் கண்ணில் அது பட்டது. கட்டிலுக்கடியில், விடிய விடியச் சாப்பிட்டு, நீல விளக்கை எரியவிட்டுக்கொண்டு, காலை நீட்டாத குறையாகப் படுத்திருந்தார் தோழர்.

யேசுதாஸ் அவரையே பார்த்தார். பிறகு, சுவரில் இருந்த சட்டத்துக்கு நேர் கீழே நின்றுகொண்டு, தெளிவான குரலில் சொன்னார்:

“சும்மாத்தானே குந்திகினு கீது. இதுக்கு லீவு வேற ஒரு கேடா?”

நிர்வாகத்தின் வாக்கியம். சொல்லுக்குச் சொல் அதே வாக்கியம். வாழ்நாள் முழுக்க எதிர்த்துக் கொடி பிடித்த வாக்கியம். அதைச் சொல்வதற்கு அவருக்கு எவ்வளவு காலம் தேவைப்பட்டது? அரை ஹால்.

கால் கட்டைவிரலால் பொத்தானை அழுத்தினார். தோழர் எழுந்தார்.

சத்தம் கேட்டு மஜீது எட்டிப் பார்த்தார். “தலிவரே! இன்னிக்கு தோழருக்கு லீவாச்சே?”

“அவசர நிலைமை. ஓவர்டைம்.”

“ரெட்டக் கூலியா?”

“மஜீது, அது மிஷினு! மிஷினுக்கு இன்னா கூலி? வந்துட்டாரு பேச!”

ஆலிஸ் திரும்பி வந்தபோது தரை முழுக்கச் சுத்தமாக இருந்தது. நடுவில் யேசுதாஸ் துடைப்பத்தைக் கொடி போலப் பிடித்துக்கொண்டு நின்றார். தோழர் அடுப்படியில் கடைசிக் குப்பையை விழுங்கிவிட்டு, ஒரு தள்ளாட்டமும் இல்லாமல் மேடைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

“யாரு பெருக்கினது?”

“ரெண்டு பேரும் சேந்துதான்” என்றார் யேசுதாஸ். “கூட்டு முயற்சி.”

ஆலிஸ் சண்டை போடவில்லை. துப்புத் துலக்க அவளுக்கு அவருடைய பனியனே போதும்: அவர் பனியனின் முன்பக்கம் மட்டும்தான் கரியாகியிருந்தது, முதுகு வெளுப்பாகவே இருந்தது. குனிந்து வேலை செய்தவனின் முதுகு அப்படி இருக்காது. பார்த்துச் சிரித்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

அன்று சாயங்காலமே வேலை நேர ஒழுங்கு திருத்தப்பட்டது. வார விடுமுறை ரத்து. சாப்பாட்டு இடைவேளை என்ற பேச்சே இல்லை. பீரோவுக்குப் பின்னால் ஸ்விட்சின் மேல் டேப் ஒட்டி, ‘கை வைக்காதே’ என்று எழுதினார் யேசுதாஸ். அவர் ஒருவரைத் தவிர அங்கே கை வைத்தவர் யாருமில்லை. பேட்டரி இன்றுவரை அருமையாக நிற்கிறது. தோழர் ஏழு நாளும் உழைக்கிறார். நல்லவேளை, அவர் நிஜமாகவே மிஷின்.

திங்கட்கிழமை ஆலிஸ் எட்டுப் போட்டாள். கால் தரையைத் தொடவில்லை. உரிமம் கையில் வந்த அன்று யேசுதாஸ் பின்சீட்டில் ஏறிக்கொண்டார். “அப்டியே துறைமுகத்துல எறக்கி உட்டுட்டு போ ஆலிசு.”

“எறங்குயா. வண்டிக்கு ரெஸ்ட் டைம்” என்றாள் ஆலிஸ். அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, போனால் போகிறதென்று கொண்டுபோய் இறக்கிவிட்டாள். அன்று மாலைக் கூட்டத்தில் பெண்கள் வண்டி ஓட்டுவதே விடுதலையின் முதல் படி என்று யேசுதாஸ் பேசினார். உருக்கமான பேச்சு. மஜீது கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச்சு முடிந்து வீட்டுக்கு வந்தவர் வாசலில் செருப்பைக் கழற்றினார். பக்கத்தில் இன்னொன்றையும் கழற்றி வைத்தார். உள்ளே வந்து சாப்பிட்டார். தட்டைத் தொட்டியில் போட்டார். தட்டு அங்கே காத்திருக்கிறது.

யேசுதாஸைப் பார்த்துச் சிரித்துவிட்டீர்கள். நல்லது. இப்போது உங்கள் வீட்டு வாசலுக்குப் போய்ச் செருப்பு விடும் இடத்தைப் பாருங்கள். ஜோடி செருப்புக்குப் பக்கத்தில் வேறு ஏதாவது கிடக்கிறதா? முற்போக்கு, சமத்துவம், சமூக நீதி, அந்த மாதிரி ஏதாவது? நீங்கள் ஆணாக இருந்தால் இன்னொரு தடவை பாருங்கள். ‘நான் அப்படியில்லை, நான் வீட்டில் ஒத்தாசை செய்கிறவன்’ என்று சொல்ல வாயெடுத்தீர்களா? ஒத்தாசை என்றால் யாருடைய வேலையில்? முதல் கேள்விக்கே நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

யோசித்தது போதும். இதை மடித்து வைத்துவிட்டு எழுந்திருங்கள். துடைப்பம் கதவுக்குப் பின்னால்தான் இருக்கிறது. முறம் எங்கே என்று யாருக்கும் போன் செய்யாமல் நீங்களே தேடுங்கள். உள்ளிருந்து வாசலை நோக்கிப் பெருக்குங்கள்.

முதலில் ஃபேனை அணையுங்கள்.